கைப்பிடி பட்டனும் கடல் வீடும்

கண்ணாடிக்கடைக்காரர் சபதம் எடுத்தபோது அவருடைய ஒரு கை சட்டைக்குள் இருந்தது. இன்னொரு கை வெளியே இருந்தது. அந்தக் கைக்கான சட்டைப் பகுதி மனைவியின் மடியில் கிடந்தது. அறுந்துபோன மணிக்கட்டுப் பட்டனை அவள் தைத்துக்கொண்டிருந்தாள். ஆகவே சபதம் எடுத்த கையோடு எழுந்து ஓட அவருக்கு வழியில்லை.

"இந்தத் தடவை உன்னைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போறேம்மா," என்றார். "போக்கர் போட்டியில ஜெயிக்கிறேன். கடல் வீட்டுச் சாவியை வாங்குறேன். உன் கையில கொண்டுவந்து குடுக்கறேன்மா."

மனைவி நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"போன வருஷம் முதல் ஆளா எழுந்து வந்தீங்களே?"

"போன வருஷம் நான் அப்பாவி."

"இந்த வருஷம்?"

"இந்த வருஷம் படிச்சிருக்கேன்."

அவர்கள் குடியிருந்த ஐந்து மாடிக் கட்டடத்தின் முதலாளிக்குக் கடலோரமாக ஒரு சின்ன வீடு இருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை குடியிருப்பவர்களுக்கெல்லாம் சீட்டுப் போட்டி வைப்பார். ஜெயிப்பவருக்கு அந்த வீட்டின் சாவி. இரண்டு பேர் ஒரு வாரம் தங்கலாம். காசு வைத்து ஆடுவது அவருக்குப் பிடிக்காது. அதனால் பணயம் எல்லாம் பட்டன்கள்தான். அந்தப் பட்டன்கள் கீழ்த்தளத்தில் தையல்கடை நடத்தும் கண்ணாடிக்கடைக்காரரின் மனைவியிடமிருந்துதான் வருஷா வருஷம் போகும். பட்டன் போகும், அவள் போனதில்லை.

அவளுக்குக் கடல் என்றால் உயிர். கல்யாணமான புதிதில், கடலுக்குப் போகும்போது போட்டுக்கொள்ள என்று ஒரு நீல நிற நீள அங்கி தைத்து வைத்தாள். கிளிஞ்சல் பொறுக்கிப் போட இரண்டு பக்கமும் ஆழமான பை. அந்த வருஷம் "வெயில் குறையட்டும்" என்றார் கண்ணாடிக்கடைக்காரர். வெயில் குறைந்ததும் "மழை விடட்டும்" என்றார். மழை விட்டதும் கடையில் புதுச் சரக்கு வந்துவிட்டது. அங்கியை மட்டும் அவ்வப்போது எடுத்து, இடுப்பில் தையலைப் பிரித்துக் கொஞ்சம் அகலப்படுத்தி, மறுபடி மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். பிரிக்க இனி துணி இல்லை என்ற நிலை வந்துவிட்டது.

இப்போது சபதத்தின் பின்பக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். மூன்றாம் மாடி இன்ஷூரன்ஸ்காரரிடம் ஒரு சாய்வு நாற்காலி இருந்தது. விசையை அழுத்தினால் முதுகைப் பிசையும். கழுத்தை நீவும். காலைத் தூக்கி வைத்துத் தாலாட்டும். நாளெல்லாம் நின்றபடி "மேல் வரியைப் படிங்க, கீழ் வரியைப் படிங்க" என்று சொல்லிச் சொல்லி இடுப்பு விட்டுப்போன மனுஷருக்கு அந்த நாற்காலியைப் பார்த்தாலே நாக்கில் எச்சில் ஊறும். இன்ஷூரன்ஸ்காரர் மனைவிக்கோ கடல் வீட்டின் மேல் கண். ஆக, மாடிப்படியில் வைத்து ஓர் ஒப்பந்தம் நடந்தது.

"நான் ஜெயிச்சா பிரச்சனை இல்ல சார்," என்றார் இன்ஷூரன்ஸ்காரர். "நீங்க ஜெயிச்சா சாவி எனக்கு, நாற்காலி உங்களுக்கு. எதுக்கும் ஒரு பாலிசி எடுத்து வெக்கிறது நல்லது பாருங்க."

வீட்டில் என்ன சொல்வது என்பதையும் கண்ணாடிக்கடைக்காரர் யோசித்து வைத்திருந்தார். "இந்த வருஷம் கடல் சரியில்லையாம்மா" என்று சொல்லிவிடலாம். வெயில் மேலும் மழை மேலும் பழி போட்டாயிற்று. கடல் ஒன்றுதான் பாக்கி.

கடையில் ஆள் இல்லாத மதியங்களில் கைபேசியில் போக்கர் பாடம் கேட்டார். போன வருஷம் தான் செய்த தப்பு அப்போதுதான் அவருக்கு விளங்கிற்று. இந்த ஆட்டத்தில் ஆளுக்கு இரண்டு சீட்டு கையில், ஐந்து சீட்டு நடுவில். இரண்டையும் சேர்த்துப் பார்த்து யாருடைய சேர்க்கை பெரிதோ அவருக்குப் பட்டன் எல்லாம். கையில் ஒன்றுமே இல்லாதவன்கூட ராஜா வைத்திருப்பதுபோல் பட்டனைத் தள்ளி மிரட்டலாம். எதிராளி பயந்து சீட்டைக் கவிழ்த்துவிட்டால் பொய்யே ஜெயிக்கும். ஆனால் அந்தக் கட்டடத்தில் ஒருவரும் பயப்படுகிற ஜாதி இல்லை. கைக்கு வந்ததையெல்லாம் ஆடுவார்கள். "சும்மா உட்கார்ந்திருக்கவா வந்தோம்?" என்பார்கள். போன வருஷம் அவர்களிடம் போய் மிரட்டினார். நாலு பேர் சேர்ந்து, அதே அளவு பட்டனை வைத்து, 'காட்டு' என்று பார்த்துவிட்டார்கள்.

பாடம் இதுதான். உன்னிடம் பட்டன் குறைவாக இருக்கிறதா? சுற்றியிருப்பவர்கள் எதையும் ஆடுகிறவர்களா? அப்படியானால் பொய் சொல்லாதே. கொக்கு மாதிரி காத்திரு. நல்ல ஜோடி வந்ததும் இருப்பதையெல்லாம் மொத்தமாகத் தள்ளு. அவர்கள் பார்க்காமல் இருக்க மாட்டார்கள். உன் குவியல் இரட்டிப்பாகும். ஆனால் ரொம்பவும் காத்திருந்தாலும் ஆபத்து. ஆட்டத்துக்கு ஆட்டம் வைத்தே ஆகவேண்டிய கட்டாயப் பட்டன்கள் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடும்.

பயிற்சிக்கு ஆள் வேண்டுமே. மனைவியையே உட்கார வைத்தார். சாப்பாட்டு மேஜையில் ஒரு கைப்பிடி பட்டன் அவருக்கு, ஒரு டப்பா நிறையப் பட்டன் அவளுக்கு.

"நீ ஒண்ணும் யோசிக்கக் கூடாது. என்ன சீட்டு வந்தாலும் 'பாக்கறேன்'னு சொல்லணும். அவ்வளவுதான்."

"மூளையே வேணாமா?"

"வேணவே வேணாம்."

"அப்ப நீங்க எதுக்கு என்னைக் கூப்பிட்டீங்க? உங்க தம்பியைக் கூப்பிட்டிருக்கலாமே."

இப்படி ஆரம்பித்தது. சாயங்காலம் கடையை மூடிவிட்டு அவர் வருவார். அவளும் கீழே ஷட்டரை இறக்கிவிட்டு வருவாள். அவள் சீட்டைப் பார்ப்பதுகூட இல்லை. "பாக்கறேன்" என்பாள். அவர் ராணி ஜோடியைக் காட்டுவார். அவள் கையில் நாலும் ஒன்பதும் இருக்கும். "அடடா" என்று சிரிப்பாள். எப்போதாவது அந்த நாலும் ஒன்பதும் ஜெயித்துவிட்டால் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரிப்பாள். இந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று என்று ஒருநாள் கண்ணாடிக்கடைக்காரருக்குத் தோன்றியது. எதிரெதிரே உட்கார்ந்து இவ்வளவு நேரம் பேசியதே கல்யாணமான புதிதில்தான். அப்போது சீட்டுகூடத் தேவைப்படவில்லை.

நடுவில் ஒருநாள் பழுப்பு நிற வெல்வெட் துணியைத் தரையில் விரித்து அவள் அளவெடுத்துக்கொண்டிருந்தாள்.

"யாருக்கு இவ்வளவு பெரிய உடம்பு?"

"உடம்பு இல்ல. உறை. ஆர்டர் வந்திருக்கு."

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. ஊரார் கண்ணையெல்லாம் பரிசோதிக்கிறவர், கண் முன்னால் கிடந்ததைத் தாண்டிக்கொண்டு போய்ப் பட்டன் டப்பாவை எடுத்துவந்தார்.

போட்டிக்கு முதல்நாள் சாயங்காலம் அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவி நிலைக்கண்ணாடி முன்னால் நின்றிருந்தாள். நீல அங்கி. அவரைப் பார்த்ததும் வெட்கப்பட்டு, "பூச்சி அரிச்சிருக்கான்னு பாத்தேன்," என்றாள். இரண்டு பைகளிலும் கைவிட்டு வெளியே இழுத்துக் காட்டினாள். காலியான பைகள். அவருக்கு நெஞ்சில் முள் தைத்தது மாதிரி இருந்தது. 'சீ, ஒரு நாற்காலிக்காகவா?' என்று தன்னையே கேட்டுக்கொண்டு, ஒப்பந்தத்தை முறித்துவிடும் முடிவோடு மூன்றாம் மாடிக்கு ஏறினார்.

"வாங்க சார், வாங்க," என்றார் இன்ஷூரன்ஸ்காரர். "ஏதோ சொல்ல வந்தீங்க போல இருக்கு. நின்னுக்கிட்டே என்ன பேச்சு? உட்காருங்க."

உட்கார்ந்தார். இன்ஷூரன்ஸ்காரர் விசையை அழுத்தினார். வாய் வரை வந்த வார்த்தையை நாற்காலி பிசைந்து பிசைந்து வயிற்றுக்குள் தள்ளிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து எழுந்தபோது அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "நல்ல நாற்காலி."

இதை நினைத்துத்தான் பிற்பாடு அவர் அதிகம் வருந்தினார். தோற்றதைக்கூட அவ்வளவு நினைக்கவில்லை.

மறுநாள் கார் நிறுத்துமிடத்தில் கார்களை வெளியே எடுத்துவிட்டு வட்டமேஜை போட்டிருந்தார்கள். பச்சைத் துணி, சீட்டுக்கட்டு, ஆளுக்குச் சமமாய்ப் பட்டன். கண்ணாடிக்கடைக்காரர் கம்பீரமாக இறங்கி வந்தார். மேஜையில் அவருக்கு நேர் எதிரே அவருடைய மனைவி உட்கார்ந்திருந்தாள்.

"நீ எங்க இங்க?"

"ஆடத்தான்."

"வீட்டுக்கு ஒரு ஆள்தானே?"

கட்டட முதலாளி தொண்டையைச் செருமினார். "விதி அப்படி இல்ல. கதவுக்கு ஒரு ஆள். கீழ்த்தளத் தையல்கடைக்கும் ஒரு கதவு இருக்கே? வருஷா வருஷம் அந்தக் கதவுக்கு ஒரு நாற்காலி காலியாத்தான் இருந்துச்சு. இந்த வருஷம் கேட்டாங்க. குடுத்தேன்."

அப்படி ஒரு கதவு இருப்பது கண்ணாடிக்கடைக்காரருக்குத் தோன்றவே இல்லை. தினம் அதைத் தாண்டித்தான் போய்வருகிறார். ஆனாலும் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டார். எதையும் பார்க்கிற ஆட்கள் எத்தனை பேர் இருந்தாலும் லாபம்தானே? இந்த ஆளை அவரே தயாரித்திருக்கிறார்.

ஆட்டம் தொடங்கியது. நல்ல சீட்டு வரவில்லை. கவிழ்த்தார். மறுபடி கவிழ்த்தார். மற்றவர்கள் சந்தைக்கு வந்தவர்கள் மாதிரி கூச்சலிட்டுக்கொண்டு ஆடினார்கள். டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே பட்டனைத் தள்ளினார். "பிரேக்கே கிடையாதா சார்?" என்று யாரோ கேட்டார்கள். "பிரேக்கெல்லாம் கத்துக்கறவங்களுக்கு," என்றார் மாஸ்டர். மனைவியோ எல்லாவற்றுக்கும் "பாக்கறேன், பாக்கறேன்" என்று சொல்லி எப்படியோ குவித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்கடைக்காரரின் குவியல் கரைந்து கரைந்து கடைசியில் ஒரு கைப்பிடிக்கு வந்தது.

அப்போது வந்தது ராஜா ஜோடி.

மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியால் துடைத்தார். 'சட்டையால் துடைக்காதீர்கள், கீறல் விழும்' என்று கடையில் எழுதியே மாட்டியிருக்கிறார். ஆனால் மனசுக்குள் உண்மையாக ஏதாவது பொங்கினால் அவருக்குக் கண்ணாடி மங்கிவிடும், கை தானாகச் சட்டை நுனிக்குப் போய்விடும். துடைத்து மாட்டிக்கொண்டு, இருந்ததையெல்லாம் தள்ளினார்.

"ஏழும் மூணும் வெச்சிருக்கேன், இருந்தாலும் பாக்கறேன்," என்று வாய்விட்டே சொல்லிவிட்டுப் பார்த்தார் இன்ஷூரன்ஸ்காரர்.

ராஜா ஜோடி ஜெயித்தது. பாடம் பலித்தது. மறுபடி காத்திருந்தார், மறுபடி ஒரு ஜோடி, மறுபடி கண்ணாடியைத் துடைத்தார், மறுபடி தள்ளினார். மாஸ்டர் பிரேக் இல்லாமல் வந்து மோதி எழுந்துபோனார். பிறகு இன்ஷூரன்ஸ்காரரும் எழுந்தார். போகிறபோது குனிந்து, "சார், பாலிசி உயிரோட இருக்கு," என்று காதில் சொல்லிவிட்டுப் போனார்.

சூரியன் சாய்வதற்குள் மேஜையில் இரண்டே பேர் மிஞ்சினார்கள். அவர், அவர் மனைவி. அவள் முன்னால் மலை. இவர் முன்னால் மேடு.

மற்றவர்கள் சுற்றி நின்று சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சாப்பாட்டு மேஜையில் சிரித்த அதே சிரிப்பு. அந்த நொடியில், இது சத்தியம், கண்ணாடிக்கடைக்காரரின் மனம் புரண்டது. நாற்காலி நாசமாய்ப் போகட்டும். ஜெயித்துச் சாவியை வாங்கி, எல்லார் முன்னாலும் அவள் கையில் கொடுத்து, நாளைக்கே கிளம்பிவிட வேண்டும். இத்தனை வருஷம் தட்டிக்கழித்ததற்கெல்லாம் சேர்த்து அவளோடு அலையில் நிற்க வேண்டும். இதை வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். ஜெயித்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்துவிட்டார். அவர் வாழ்க்கையே அப்புறம் சொல்லலாம், அப்புறம் போகலாம்தானே?

அடுத்த ஆட்டத்தில் ஏஸ் ஜோடி வந்தது. அதற்குமேல் ஜோடி கிடையாது. கண்ணாடி மங்கியது. துடைத்தார். எல்லாவற்றையும் தள்ளினார். 'பாக்கறேன்' என்பாள், இரட்டிப்பாகும்.

மனைவி அவரையே பார்த்தாள்.

"வேணாங்க. கவிழ்த்துடறேன்."

"என்னது?"

"கவிழ்த்துடறேன்னு சொன்னேன். தப்பா?"

தப்பில்லை. ஆனால் காலையிலிருந்து அவள் கவிழ்த்ததே இல்லை. ஏஸ் ஜோடிக்கு ஒன்றிரண்டு கட்டாயப் பட்டன்தான் கிடைத்தது. சரி, தற்செயல் என்று நினைத்தார். அதற்குப் பிறகு அவருக்கு ஒன்றுமில்லாத ஆட்டங்களில் எல்லாம் அவள் பட்டனைத் தள்ளினாள். அவர் கவிழ்த்தார். கொஞ்சம் பொறுத்து ராணி ஜோடி வந்தது. துடைத்தார், தள்ளினார்.

"இதுவும் வேணாங்க."

குவியல் மறுபடி கைப்பிடி ஆயிற்று. கண்ணாடிக்கடைக்காரர் மூளையைக் கசக்கினார். கசக்கியதும் பளிச்சென்று ஒன்று புரிந்தது. இவள் பயந்துவிட்டாள்! சாவி பக்கத்தில் வந்ததும் தைரியம் போய்விட்டது! பயப்படுகிறவர்களிடம் என்ன செய்ய வேண்டும்? மிரட்ட வேண்டும்.

அடுத்த இரண்டு சீட்டு: ஏழும் இரண்டும். அந்த ஆட்டத்திலேயே அதைவிட மட்டமான சீட்டு இல்லை. கண்ணாடியைத் தொடவில்லை. இருந்ததையெல்லாம் தாராளமாகத் தள்ளினார். குரலில் தேனைக் குழைத்தார்.

"காலைல இருந்து உட்கார்ந்திருக்கியேம்மா. முதுகு வலிக்கும். பேசாம விட்டுடும்மா."

மனைவி புன்னகை செய்தாள்.

"பாக்கறேன்."

அவள் சீட்டைத் திருப்பினாள். ஜாக்கியும் எட்டும். நடுவில் விழுந்த ஐந்தில் ஓர் எட்டு வந்தது. ஏழும் வரவில்லை, இரண்டும் வரவில்லை. வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது. கட்டட முதலாளி கைதட்டிக்கொண்டே சாவியை நீட்டினார்.

"இவ்வளவு சின்ன சீட்டை வெச்சுக்கிட்டு எந்தத் தைரியத்துல பார்த்தே?" என்றார் கண்ணாடிக்கடைக்காரர், படியேறும்போது.

"என் கையில பெருசா ஒண்ணுமில்ல. உங்க கையில அதுவும் இல்லைன்னு தெரியும்."

"எப்படி?"

"நிஜமா இருந்தா கண்ணாடியைக் கழட்டித் துடைப்பீங்க. இல்லாட்டி 'ம்மா' போடுவீங்க. ஒரு 'ம்மா'ன்னா சின்னப் பொய். ரெண்டு 'ம்மா'ன்னா பெரிய பொய். மேஜையில ஒக்காந்து கத்துக்கிட்டது இல்லீங்க இது. கல்யாணமானதுல இருந்து கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்?" அவள் கதவைத் திறந்தாள். "'கடலுக்குக் கூட்டிட்டுப் போறேம்மா, சாவியை உன் கையில குடுக்கறேன்மா'ன்னு சொன்னீங்களே, அன்னிக்கே எண்ணிட்டேன்."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளை தினமும் கத்திக்கொண்டே இருந்திருக்கிறது.

வீட்டுக்குள் கூடத்தின் நடுவில் அவருடைய பழைய பிரம்பு நாற்காலி இருந்தது. அதற்குப் பழுப்பு வெல்வெட்டில் உறை. நாற்காலி சின்னது, உறை பெரியது. கைப்பிடிகளுக்குக் கீழே துணி தொங்கிற்று.

"இன்ஷூரன்ஸ்காரர் சம்சாரம்தான் ஆர்டர் குடுத்தாங்க," என்றாள் மனைவி. "'உங்க வீட்டுக்கு வரப்போற நாற்காலி, உங்க கையாலேயே உறை தெச்சுடுங்க'ன்னாங்க. எனக்கு எதுவும் தெரியாதுன்னு அவங்களுக்குத் தெரியல, பாவம். உட்காருங்க. முதுகு வலிக்கும்."

உட்கார்ந்தார். பிரம்பு குத்தியது. உள்ளறையில் அவள் பெட்டியை இறக்கும் சத்தம் கேட்டது. நீல அங்கியை மடித்து மேலாக வைத்தாள். பிறகு தொலைபேசியில் பேசினாள்: "அக்கா, கிடைச்சுடுச்சு. ஆமா, நாளைக்கே. நீ வந்துடு. இல்லக்கா, அவர் வரல."

கண்ணாடிக்கடைக்காரரால் தாங்க முடியவில்லை. எழுந்து உள்ளறை வாசற்படியில் போய் நின்றார்.

"நான் சொல்றதைக் கேளு. நாற்காலி விஷயம் தப்புதான். ஒத்துக்கறேன். ஆனா இன்னிக்குக் கடைசியில, நாம ரெண்டு பேரும் மட்டும் மிஞ்சினப்ப, மனசை மாத்திக்கிட்டேன். ஜெயிச்சாலும் உன்கூடத்தான் வர்றதா இருந்தேன். நேத்தே சொல்லப் போனேன், சொல்லாம வந்துட்டேன். எத்தனை வருஷமா நீ கேட்டே, எத்தனை வருஷமா தள்ளிப்போட்டேன். எனக்கு உன்கூட அந்தக் கடலைப் பாக்கணும்."

'ம்மா' வரவில்லை. கண்ணாடி மங்கிவிட்டது. கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். துடைக்கத் துடைக்க மங்கியது.

மனைவி பெட்டியை விட்டுவிட்டு வந்தாள். அவர் கையிலிருந்த கண்ணாடியை வாங்கி, தன் முந்தானையால் நன்றாகத் துடைத்து, அவர் மூக்கில் மாட்டிவிட்டாள். கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தாள். அவள் கண்ணும் லேசாகக் கலங்கியிருந்தது.

"தெரியுதுங்க. இந்தத் தடவை உண்மையிலேயே ஏஸ் ஜோடிதான் வெச்சிருக்கீங்க," என்றாள். பெட்டியின் மூடியைச் சாத்தி, காலையில் அக்காவோடு கிளம்பத் தயாராக வாசலோரம் வைத்தாள். "அதனாலதான் கவிழ்த்துடறேன்."